அடுத்த கை

எங்கள் ஊரில் மது விற்கும் உரிமை அரசாங்கத்துக்கு மட்டும்தான். அரசாங்கம் என்றதும் எங்கோ பெரிய கட்டடத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் நான்தான் அரசாங்கம். ஊருக்கு ஒரே கடை. வேறு எவனாவது ஒரு பாட்டில் விற்றால் போலீஸ் அள்ளிக்கொண்டு போய்விடும். போட்டிக்கு ஆளில்லாத வியாபாரம் என்பதால் எங்களிடம் விளம்பரம் கிடையாது, அலங்காரம் கிடையாது, சிரித்த முகம் கிடையாது. நான் எரிந்து விழுந்தாலும் வாங்குகிறவர் வாங்கித்தான் தீர வேண்டும். இந்த வசதி வேறு எந்த உத்தியோகத்தில் இருக்கிறது, சொல்லுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே யாரோ கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். மேலிடத்துக்கு எழுதினோம். கண்ணாடி வரவில்லை, தகரம் வந்தது. தகரத்தில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அன்றோடு எனக்கும் மனிதர்களுக்கும் உள்ள தொடர்பு அறுந்தது. கைகள் வரும். விரல்கள் என்ன வேண்டுமென்று காட்டும். வாய் வெளியே எங்கோ முணுமுணுக்கும். நான் பாட்டிலை வைத்ததும் கை மறையும். "அடுத்த கை" என்று கத்துவேன். கூட்டம் நெரிக்கும் சாயங்காலங்களில் இரண்டு மூன்று கைகள் ஒன்றாக உள்ளே புகுந்து ஒன்றையொன்று தள்ளும். அப்போது என் முழுத் தொண்டையையும் திறந்து, "ஒவ்வொரு கையா வா. உள்ள விட்ட கையை எடு" என்று ஒரு அதட்டல் போடுவேன். தகரமே அதிரும்.

பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போகிறவன் நான். அதனால் என் முகம் ஊரில் யாருக்கும் தெரியாது. என் குரல் தெரியாத ஆண்பிள்ளைதான் குறைவு. டீக்கடையில் போய் "ஒரு டீ" என்று நான் வாயைத் திறந்தால் பக்கத்து பெஞ்சில் இருக்கும் பெரிய மனிதர் பேப்பரைத் தூக்கி முகத்தை மூடிக்கொள்வார். இதை ஒரு அதிகாரமாக நினைத்து நான் கொஞ்சம் திமிராகவே இருந்தேன். ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போகும் வரையில்.

படுத்த இடத்தில் என் கண்ணாடி மேலேயே நான் புரண்டு, அது நொறுங்கிவிட்டது. கண்ணாடிக் கடையில் அளவெடுக்கும் பெண் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் மூக்கு, காது, இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள தூரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் வந்து என் முகத்தை ஒருவர் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, எழுந்து போகவும் மனமில்லை.

"பக்கத்துல பார்க்கற வேலையா, தூரத்துல பார்க்கற வேலையா?" என்று கேட்டாள்.

"பக்கத்துல. ஒரு கை தூரம்."

"டெய்லரா?"

"பிராந்திக் கடை."

சிரித்தாள் பாருங்கள், லென்ஸ் பெட்டி மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். கடை முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஊரையே அதட்டுகிறவன் ஆயிற்றே. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு என் கண்ணாடி அடிக்கடி லூசானது. அவள் முடுக்குவாள், நான் வீட்டுக்குப் போகும் வழியிலேயே நெம்பிவிடுவேன். கடைசியில் ஸ்க்ரூவின் மரையே தேய்ந்துபோனது. "இனிமே முடுக்க ஒண்ணும் இல்லை. நேராவே கேட்டுடுங்க" என்றாள். நேராகவே கேட்டேன். சரி என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"எங்க வீட்டுக்கு வந்து, நீங்க எங்க வேலை பார்க்கிறீங்கன்னு உங்க வாயாலயே சொல்லணும். எழுந்து போறதுக்குள்ள சொல்லிடணும். சொல்லலைன்னா நான் இல்லை."

"சொன்னா உங்கம்மா கொடுப்பாங்களா?"

"மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம் எதுக்கு சொல்லச் சொல்ற?"

"சொன்னதுக்கு அப்புறம் சண்டை போட நான் இருக்கேன். பொய்க்காக நான் சண்டை போட மாட்டேன்."

அவளுடைய அம்மா யார் என்று கேட்டபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை. வருஷம் தவறாமல் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து எங்கள் கடை வாசலில் நிறுத்தி, மதுவை ஒழிப்போம் என்று கோஷம் போடவைப்பவர். அவர் மைக் பிடித்துப் பேசினால் எங்கள் தகரம் அவர் பங்குக்கும் அதிரும். அப்பா ஓய்வு பெற்ற நூலகர். வீட்டில் அம்மாவின் தம்பியும் உண்டு; கடைகளுக்கு போர்டு எழுதும் பெயின்டர். அண்ணன் ஒருவன் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறான். "எங்க வீட்டுல ஒருத்தர் உதட்டுலயும் ஒரு சொட்டு பட்டதில்லை" என்று அந்த அம்மா மைக்கிலேயே சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

என் அக்காவின் கணக்கு வேறு மாதிரி. எனக்குப் பெண் தேடித் தேடி அலுத்துப்போனவள் அவள். அரசாங்க உத்தியோகம் என்றால் எல்லாரும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்கள். எந்தத் துறை என்று தெரிந்ததும் அவசர வேலை வந்துவிடும். அதனால் பெண் வீட்டுக்குப் போன அன்று பஸ்ஸில் போகும்போதே என் காதைப் பிடித்தாள்.

"இதோ பாரு. அரசாங்க உத்தியோகம்னு சொல்லியிருக்கேன். அது பொய்யா? இல்லையே. அதுக்கு மேல வாயைத் திறந்த, தோலை உரிச்சுடுவேன்."

"அவ சொல்லச் சொல்லியிருக்கா அக்கா."

"அவ சின்னப் பொண்ணு, ஏதோ சொல்லுவா. கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். நீ தலையை மட்டும் ஆட்டு."

ஒரு பக்கம் தோல், இன்னொரு பக்கம் வாழ்க்கை. நான் தலையை ஆட்டினேன்.

அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு சோபா, இரண்டு பிரம்பு நாற்காலி, கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி, சுவர் நிறைய அந்த அம்மா வாங்கிய பாராட்டுப் பத்திரங்கள். ஓரத்தில் ஒரு டேபிள் ஃபேன். நாங்கள் உட்கார்ந்ததும் அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் அண்ணனுக்கும் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அது யார் மேலும் படாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. எதிலும் இவர்கள் மூன்று பேருக்கும் ஒத்துப்போகாது என்று அம்மா சலித்துக்கொண்டார். கண்ணாடிக்காரி டீ கொண்டுவந்து வைத்தாள். என்னைப் பார்த்து, ஆரம்பி என்று கண்ணைக் காட்டினாள்.

நான் ஆரம்பிப்பதற்காக வாயைத் திறந்தேன். அப்போது நூலகர் டீ கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, எடுத்துக்கச் சொல்வதுபோல ஆள்காட்டி விரலால் மேஜையில் இரண்டு தட்டு தட்டினார். டொக் டொக்.

என் வாய் அப்படியே நின்றுவிட்டது. அந்த விரலை எனக்குத் தெரியும். சாயங்காலம் கூட்டம் கூடுவதற்கு முன்னால் வந்து, சத்தம் போடாதே என்பதுபோல என் தகரத்தில் டொக் டொக் என்று தட்டும் கை அது. கை மட்டும் வரும், குரல் வராது. இத்தனை நாள் அதை யாரோ ரிட்டயர் ஆன நீதிபதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அப்பா ஒருத்தர்தானே என்று மூச்சை இழுத்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தால், கோப்பையை ஏந்தியிருந்த மாமாவின் நகங்களில் பச்சை பெயின்ட். முந்தின வாரம் சிவப்பு, அதற்கு முன் மஞ்சள். ஊரில் எந்தக் கடைக்கு என்ன நிறத்தில் போர்டு ஏறுகிறது என்பதை அந்த நகங்களை வைத்தே நான் தெரிந்துகொள்வது வழக்கம். அதற்குள் அண்ணன், "சர்க்கரை ஆரோக்கியத்துக்கு நல்லதில்லைங்க" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினான். மணிக்கட்டில் பட்டை, கோணலான சுண்டு விரல். வரிசையில் நிற்கும்போதுகூட விரல்களை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்யும் கை. வாரத்தில் ஒரு நாள் தவறாது.

எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஒரு வீடு முழுக்க என் வாடிக்கையாளர்கள். ஒருத்தருக்கும் என்னைத் தெரியவில்லை. ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தருக்கும் தெரியவில்லை. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பிள்ளை பேசவே மாட்டாரா?" என்றார் அம்மா.

"ரொம்ப அடக்கம். வீட்டுல இருக்கறதே தெரியாது" என்று அக்கா கூசாமல் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து கண்ணாடிக்காரி ஒரு தட்டு பிஸ்கெட்டைக் கொண்டுவந்து என் மடிக்கு நேரே நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அப்பா கை நீட்டினார். மாமா கை நீட்டினார். அண்ணனும் நீட்டினான். என் முகத்துக்கு முன்னால் மூன்று கைகள், மூன்றும் எனக்குத் தெரிந்த கைகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. எத்தனை வருஷப் பழக்கம், அது யோசித்துவிட்டா வரும்?

"ஒவ்வொரு கையா வா. உள்ள விட்ட கையை எடு."

அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று கைகளும் நெருப்பைத் தொட்டதுபோலப் பின்வாங்கின. நூலகரின் முகம் வெளுத்தது. மாமாவின் பிஸ்கெட் டீக்குள் விழுந்தது. அண்ணன் எழுந்து நின்றேவிட்டான்.

"என்ன சொன்னீங்க?" என்றார் அம்மா.

"தமாஷ். அவனுக்கு தமாஷ்னா உயிர்" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

முதலில் சுதாரித்தவர் நூலகர். "தம்பி, புத்தகம் படிப்பீங்களா? வாங்க காட்டறேன்" என்று என் தோளைப் பிடித்து அலமாரி பக்கம் தள்ளிக்கொண்டு போனார். ஒரு பெரிய அகராதியை எடுத்து இரண்டு பேர் முகத்துக்கும் முன்னால் விரித்தார். "நீங்க... அங்க... அவரா?"

"ஆமாங்க."

"என் மனைவிக்குத் தெரிஞ்சா அவ உடைஞ்சுபோயிடுவா. சுத்தமான குடும்பம் தம்பி. நான் ஒருத்தன்தான் இப்படி."

அகராதியை மூடுவதற்குள் மாமா வந்து, கொல்லைப்புறக் குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று காட்ட என்னை இழுத்துக்கொண்டு போனார். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில், "அத்தான் தேவதை மாதிரி மனுஷன். அவருக்குத் தெரிஞ்சா என்னை வீட்டைவிட்டே அனுப்பிடுவார். இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான்" என்றார். திரும்பி வரும் வழியில் அண்ணன் நாடி பார்ப்பதாகச் சொல்லி என் மணிக்கட்டைப் பிடித்தான். "அப்பாவும் மாமாவும் வாசனைகூடப் பார்த்ததில்லை. என் ஜிம்முல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன். நீங்க என்ன கேட்டாலும் செய்யறேன்" என்றான். என் நாடி அப்போது எகிறிக்கொண்டிருந்தது. சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் எகிறும்.

மறுபடி உட்கார்ந்தோம். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள்.

"பையன் தங்கம்" என்றார் நூலகர்.

"இப்படி ஒரு பையனை விளக்கு வெச்சுத் தேடினாலும் கிடைக்காது" என்றார் மாமா.

"நல்ல நாடி" என்றான் அண்ணன்.

அக்கா பூரித்துப்போனாள். கண்ணாடிக்காரி சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"நான் வேலை பார்க்கிற இடம் வந்து..."

"அரசாங்கம்" என்று குறுக்கே விழுந்தார் நூலகர். "அரசாங்கம்னா அரசாங்கம். அதுல இடம் வேற என்ன?"

"இல்லைங்க, எந்தத் துறைன்னா..."

"எந்தத் துறையா இருந்தா என்ன? எல்லாத் துறையும் ஒண்ணுதான்" என்றார் மாமா.

"ஜனங்களோட நேரடியா..."

"மக்கள் சேவை. கையெடுத்துக் கும்பிடணும்" என்று அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கினான். தூக்கின பிறகுதான் ஞாபகம் வந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

என் வாழ்நாளில் இப்படி ஒரு அநியாயத்தை நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்ல வந்தவனை ஒரு வீடே சேர்ந்து வாயைப் பொத்துகிறது. அம்மா மட்டும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஃபேனை எந்தப் பக்கம் திருப்பறதுன்னே ஒத்துப்போகாதவங்க, இன்னைக்கு என்ன ஒரே பாட்டா பாடறீங்க?" என்றார்.

நிலைமை கெட்டுவிடும் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சட்டென்று எழுந்தாள். "அப்ப நாங்க கிளம்பறோம். மத்ததைப் போன்ல பேசிக்கலாம்" என்று என் சட்டையைப் பிடித்து வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தேன். திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்காரி கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அடுக்கி முடித்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தச் செருப்புக்குள் இன்னொரு கால் போனால் அவ்வளவுதான்.

"நான் பிராந்திக் கடையில வேலை பார்க்கிறேன்" என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். என் தொண்டைக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது. "அந்த ஜன்னலுக்குப் பின்னாடி உட்கார்ந்து பாட்டில் எடுத்துக் கொடுக்கிறவன் நான்தான். பொய் சொல்லிப் பொண்ணு கேட்க எனக்கு இஷ்டமில்லை."

தெருவில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்த ஒருவர் என் குரலைக் கேட்டதும் அப்படியே ஏறி மிதித்துப் போய்விட்டார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக்காரி தட்டோடு திரும்பி நின்றாள். அவள் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு என்னைக் கொண்டுபோய் வெட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றார் அம்மா.

வந்து நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. தகரம், ஓட்டை, கைகள் எல்லாவற்றையும் சொல்லவைத்தார். தலைமையாசிரியை கேட்டால் பதில் தானாக வருகிறது.

"அப்ப முகம் தெரியாது. கை தெரியும்."

"ஆமாங்க."

"எங்க வீட்டுக் கை ஏதாவது அந்த ஓட்டைக்குள்ள வந்திருக்கா?"

மூன்று பேரும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார்கள். நூலகர் அகராதியைத் தூக்கி மடியில் வைத்து அதன் அடியில் கைகளை ஒளித்துக்கொண்டார்.

"அதை மட்டும் கேட்காதீங்க" என்றேன்.

"கேட்கிறேன். சொன்னாதான் பொண்ணு."

அக்கா வாசலிலிருந்து, "சொல்லித் தொலையேன்டா" என்றாள். சொல்லத்தான் ஆசை. ஒரு வார்த்தை சொன்னால் கல்யாணம். ஆனால் அந்த ஓட்டைக்குள் கை விடுகிறவன், உள்ளே இருப்பவன் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று நம்பித்தானே விடுகிறான்? நான் எரிந்து விழுவேன், அதட்டுவேன், அது வேறு விஷயம். யார் வந்தார் என்று இன்றுவரை நான் வாயைத் திறந்ததில்லை.

"என்னைப் பத்தி எது வேணும்னாலும் கேளுங்க. அடுத்தவங்களைப் பத்தி நான் சொல்ல மாட்டேன். பொண்ணு இல்லைன்னாலும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர கண்ணாடிக்காரியைப் பார்க்கத் தைரியமில்லை.

அகராதி தரையில் விழுந்தது. நூலகர் தன் வலது கையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். "பிள்ளையை ஏன் போட்டு வதைக்கிறே? என் கைதான்" என்றார்.

"அத்தான், நீங்களா?" என்று மாமா அலறினார். அப்புறம் என்ன நினைத்தாரோ, பச்சை நகங்களை மெதுவாக மேலே தூக்கினார். "என் கையும்தான் அக்கா." அண்ணன் இரண்டு பேரையும் வாய் பிளந்து பார்த்தான். "ஒரே வரிசையில நின்னிருக்கோமாப்பா?" என்று கேட்டுக்கொண்டே அவனும் தூக்கினான். மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து, அவமானத்தில் ஆரம்பித்து, எங்கோ நடுவில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மாமாவுக்கு விக்கலே வந்துவிட்டது. கண்ணாடிக்காரி தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நானும் இவ்வளவு நேரம் அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து வெளியே விட்டேன்.

அம்மா சிரிக்கவில்லை. பாராட்டுப் பத்திரங்களை ஒருமுறை பார்த்தார். நாங்கள் எல்லாரும் அடங்கும் வரை காத்திருந்தார்.

"இனிமே இவங்க வந்து கை நீட்டினா கொடுப்பீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"அரசாங்கக் கடைங்க. வயசு வந்தவங்க கேட்டா இல்லைன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றேன். என் தலைக்கு மேலே கடையில் ஒரு பலகை உண்டு. பணியாளரின் உறவினருக்கு அந்தக் கடையில் விற்பனை இல்லை. முன்னொரு காலத்தில் எவனோ மச்சான்களுக்கெல்லாம் பின்வாசல் வழியாகப் பெட்டி பெட்டியாக அனுப்பினான் என்று போட்ட விதி. என் அக்கா குடிப்பதில்லை, எனக்கு வேறு உறவும் இல்லை. அதனால் அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. "உறவா இருந்தா மட்டும் கொடுக்கக் கூடாதுங்க" என்றேன்.

அம்மா ஒரு அடி முன்னால் வந்தார். "உங்க பக்கத்து உறவா, மனைவி பக்கத்து உறவா?"

"ரெண்டும்தான்."

"மாமனார்?"

"கிடையாதுங்க."

"மச்சான்?"

"கிடையாது."

"மனைவியோட தாய்மாமா?"

மாமா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, இல்லை என்று சொல், என்று இரண்டு கைகளாலும் கெஞ்சினார். "கிடையாதுங்க" என்றேன்.

"வேற கடை?"

"பாலம் தாண்டி அடுத்த ஊர். பஸ் ஸ்டாப்புலேர்ந்து ஏத்தத்துல நடக்கணும்."

வாசலில் கோஷம் போட்டும், மைக் பிடித்தும், பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியும் கிடைக்காத ஒன்று ஒரே கல்யாணத்தில் கிடைக்கிறது என்று அந்த அம்மாவுக்குப் புரிந்தது. முகமெல்லாம் மலர்ந்தது. "கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம்?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா வாசலிலிருந்து பறந்து வந்தாள்.

இப்போது பார்க்க வேண்டும் அந்த மூன்று பேரையும். "அவசரப்பட்டா எப்படி? வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும். என் கையால அடிச்சாதான் எனக்குத் திருப்தி. அதுக்கே ஒரு வருஷம் ஆகும்" என்றார் மாமா. "நாடி கொஞ்சம் வேகமா இருந்துச்சு. ஆறு மாசம் என்கிட்ட பயிற்சிக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றான் அண்ணன். சற்று முன் தங்கமாக இருந்தவன் பித்தளையாகிவிட்டேன்.

நூலகர் மட்டும் கீழே விழுந்த அகராதியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்கப்பா. எப்ப?"

"ஒரு வருஷம் போகட்டுமே கண்ணு."

"ஒரு வருஷத்துல நீங்க எப்படி இருப்பீங்கன்னு எனக்குத் தெரியலைப்பா. மாடிப்படியில விழுந்தீங்க, கால் தடுக்கிச்சுன்னு சொன்னீங்க. நானும் நம்பின மாதிரி இருந்துட்டேன்." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் கல்யாணத்துல நீங்க என் பக்கத்துல நிக்கணும். யாரும் பிடிக்காம, நேரா நிக்கணும். எனக்கு அது போதும்."

சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் விழுந்த அன்றைக்கும் பாட்டிலை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். முகம் தெரியாத வரையில் அது ஒரு கை, அவ்வளவுதான்.

நூலகர் முட்டியைத் தடவிக்கொண்டார். "பாலம் தாண்டி ஏத்தத்துல நடக்க என் முட்டிக்குத் தெம்பு இல்லைம்மா" என்றார். "இந்த மாசமே வெச்சுடலாம்."

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு சந்தேகம். உறவுன்னா எப்பலேர்ந்து உறவு? கல்யாணம் முடிஞ்சப்புறம்தானே? அதுவரைக்கும் இவர் யாரோ, நாங்க யாரோ. நாளைக்கு சாயங்காலம் சட்டப்படி ஒண்ணும் தப்பில்லையே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பலகையில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் நான் நூலகரைப் பார்த்தேன். அவர் சோபாவின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். டேபிள் ஃபேனைச் சுவரிலிருந்து என் பக்கமாகத் திருப்பிவைத்தார். ஒருத்தரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

"எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே இருப்பீங்க?" என்றார். "உட்காருங்க மாப்பிள்ளை."